அட்ஜஸ்ட் பண்ணிய வண்டி

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம். நானும் என் கணவரும் படப்பையில் சமைத்து, இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவந்தோம். பலர் கை மாறி எங்களிடம் வந்த பழைய பிக்கப். அண்டாக்கள் பின்னால், நாங்கள் முன்னால்.

அந்த வண்டிக்குத் திடீரென்று ஒரு நோய் வந்தது. ஓடும்போது சமர்த்தாக ஓடும். நின்றால் உடம்பெல்லாம் உதறும். சிக்னலில் பொட்டென்று அணைந்துவிடும். பின்னால் நிற்கும் பஸ்காரர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். மெக்கானிக்கிடம் காட்டினோம். பிளக்கைத் துடைத்தார், ஏர் ஃபில்டரைத் தட்டினார், கடைசியில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி, "ரேஸ் ஏத்தி அட்ஜஸ்ட் பண்ணிட்டேண்ணா, இனிமே ஆஃப் ஆவாது" என்றார். உண்மைதான், அணையவில்லை. உதறல் மட்டும் போகவில்லை.

பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருபவளுக்கு வேறென்ன வேலை? கவனித்துக்கொண்டே வந்தேன். "ஏங்க, நீங்க பிரேக்குல கால் வெச்சாதான் ரொம்ப நடுங்குது. எடுத்தா அடங்கிடுது" என்றேன்.

"பழைய வண்டின்னா அப்டித்தான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு வா" என்று சிரித்தார்.

மெக்கானிக்கிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்து, "அண்ணி சமையல் சூப்பராமேண்ணா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். காலை ஷிஃப்ட் முடிந்தவர்கள் கம்பெனி கேட்டிலிருந்து கும்பலாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். தூரத்திலேயே இவர் பிரேக்கை மிதித்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். எஞ்சின் பேய் பிடித்த மாதிரி உதறியது. "பெடல் கல்லாட்டம் கீது, எறங்க மாட்டேங்குது!" என்று அலறினார். சீட்டை விட்டு எழும்பி மிதித்தும் வண்டி நிற்கவில்லை.

இடது பக்கம் ஒரு லாரி நின்றிருந்தது. அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் நான் இருந்த பக்கம்தான் மோதியிருக்கும். அவர் வலது பக்கம் ஒடித்தார். சாலை நடுவிலிருந்த விளக்குக் கம்பத்தில் மோதி அவர் பக்கம் அப்பளமாக நொறுங்கியது. நடந்துபோனவர்களில் ஒருவருக்கும் அடியில்லை. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்த வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி ஒரு ரப்பர் குழாயை உருவிக் காட்டினார். "எஞ்சின்லேருந்து பிரேக்குக்குப் போற ஹோஸ் இதும்மா. ரொம்ப நாளா வெடிப்பு விட்டிருக்கு. இது வழியா காத்து பூந்துதான் எஞ்சின் நடுங்கியிருக்கு. அன்னிக்கு மொத்தமா கிழிஞ்சதும் பெடல் இறுகிடுச்சு. பிரேக் மிதிக்கும்போது நடுங்கிச்சான்னு யாரும் பாக்கலியா?"



சில மாதங்கள் கழித்து அவருக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். நான்கு அடி நடந்ததும் முகத்தைச் சுளித்தார். பொருத்தியவர், "புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான். அட்ஜஸ்ட் ஆயிடும்" என்றார். என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அதக் கழட்டுங்க சார். எந்த எடத்துல வலிக்குதுன்னு அவரக் கேளுங்க மொதல்ல" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

'அட்ஜஸ்ட்' என்ற அந்த ஒரு வார்த்தையை யார் சொன்னாலும், இன்றும் என் காலுக்குக் கீழே அந்த வண்டி நடுங்குகிறது.