மரம் கடைசியில் வரும்

அன்று மட்டாஞ்சேரிக் கடையில் இருந்தவர்கள் முதலாளியின் மருமகன், பெட்டி பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி, சுமையோடு உள்ளே வந்த என் அத்தா, நான். முதலாளி மட்டும் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பேச்சு எழுந்திருக்காது.

அது பழம்பொருள் கடை. அத்தா அங்கே சுமை தூக்கும் சுமட்டுக்காரர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான், பெட்டிகளுக்கு ஆங்கிலத்தில் சீட்டு எழுதினேன். அதில் ஒன்றை மருமகன் உரக்கப் படித்தார்: 'ரோஸ்வுட் ஓல்ட் பிக் பாக்ஸ்.'

"மரத்தை முதல்ல வெச்சு எவன்டா இங்கிலீஷ் எழுதுவான்? பள்ளிக்கூடத்துல படிச்சியா, கோடவுன்ல படிச்சியா?"

வெள்ளைக்காரர்களுக்கும் அதையே சொல்லிச் சிரிக்க வைத்தார். என்னவென்று புரியாமல் அத்தாவும் சேர்ந்து சிரித்தார். மற்றதை விட்டிருப்பேன். அத்தாவின் சிரிப்பை விட முடியவில்லை.

மரத்தை முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. கோடவுனில் பெட்டிகளைச் சாக்குப் போட்டுத் தைத்து, மேலே சீட்டு ஒட்டியிருப்போம். எழுத்தறியாத அத்தாவுக்கும் கூட்டாளிகளுக்கும் மூன்று எழுத்து மட்டும் பழக்கியிருந்தேன்: ரோஸ்வுட் என்கிற ஈட்டி மரத்துக்கு ஆர், தேக்குக்கு டி, பலாவுக்கு ஜே. சீட்டின் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். கோடவுனை எட்டிப் பார்க்காத மருமகனுக்கு இது தெரியாது.

பிராட்வே கடைத்தெருவில் பழைய ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பெயருக்கு முன்னால் அடைமொழிகள் வரும் வரிசை அதில் இருந்தது. முதலில் அபிப்பிராயம், பிறகு அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், மரம் கடைசி. எல்லாச் சீட்டையும் புதிதாக எழுதினேன்: 'பியூட்டிஃபுல் பிக் ஓல்ட் ஸ்கொயர் பிரவுன் கேரளா ரோஸ்வுட் பாக்ஸ்.' ஒரு பிழை கிடையாது. தேக்கும் பியூட்டிஃபுல், பலாவும் பியூட்டிஃபுல். மருமகன் முதுகில் தட்டினார்.

அத்தா குழம்பினார். முதலாளி இருக்கும்போது மருமகனிடம் கேளுங்கள் என்றேன். கேட்டார்.

"எல்லாத்துலயும் ஒரே எழுத்தாவுல்ல கிடக்கு. ஈட்டி ஏதுன்னு எப்படித் தெரியும் சின்ன மொதலாளி?"

"சீட்டைப் பாத்து எடுங்க காக்கா. அதுக்குத்தானே எழுதி ஒட்டியிருக்கு."

முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். நான் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தம்பதி தங்கள் ஹோட்டலுக்கென்று பணம் கட்டிக் கேட்டது ஈட்டிப் பெட்டிகள். கப்பலேறியது பலா. சரக்கு அப்படியே திரும்பி வந்தது. மருமகன் அத்தாவைக் கை காட்டினார். "நீ சொன்னதைத்தானே அவர் செஞ்சார்" என்றார் முதலாளி. சுமட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். இந்த முறை அத்தாவுக்கு எல்லாம் புரிந்தது, அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

திருப்பிக் கொடுத்த விலையும் போகவரக் கப்பல் கூலியும் மருமகனின் பங்கில் கழிந்தன: இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.