யானை வயிற்றில் நுழையாத கடிகாரம்

அன்பரசி பதினோரு வருடம் குருமூர்த்தியின் பீங்கான் கம்பெனியில் அச்சு செய்தாள். அவள் சேர்ந்தபோது, விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அது ஒரு தகரக் கொட்டகை. அவள் உருவாக்கிய யானை பொம்மைதான் அதை வளர்த்தது. யானையின் வயிற்றில் ஒரு வட்ட ஓட்டை. புதுச்சேரி வியாபாரி அதில் கடிகாரத்தைப் பொருத்திக் கல்யாணப் பரிசாக விற்பார். யானை ஓடிய வேகத்தில் இரண்டாவது சூளை வந்தது, லாரி வந்தது, ஏசி ஆபீஸ் வந்தது. அச்சு செய்ய மட்டும் அதே இரண்டு கைகள்.

"ரெண்டு பொண்ணுங்கள எங்கூட வுடுங்க சார், பழக்கிடுறேன்" என்று அவள் கேட்டாள்.

குருமூர்த்தி சிரித்தார். "மண்ணு பெசையறதுக்கு காலேஜா? ரேக்கு நெறைய அச்சு இருக்குது. நீ இல்லாட்டியும் யானை பொறக்கும், போ." அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தி, எல்லோரும் பார்க்க, அவளுடைய சாப்பாட்டுத் தூக்கைக் கேட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னார்.

பிளாஸ்டர் அச்சு நூறு தடவைக்குமேல் தாங்காது. தேய்ந்ததும் மூல பொம்மையிலிருந்து புதிது எடுக்க வேண்டும். அந்த மூல யானை கம்மாபுரத்தில் அன்பரசி வீட்டு அலமாரியில் இருந்தது. கொட்டகையில் இடமில்லாத காலத்தில் அவள் வீட்டில் வைத்துச் செய்தது. அது எங்கே என்று குருமூர்த்தி கேட்டதே இல்லை.

ரேக்கிலுள்ள அச்சுகள் தேயட்டும் என்று அவள் காத்திருந்தாள். காத்திருந்த நாட்களில் மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிட்டு, நான்கு பெண்களுக்கு அச்சு வேலை பழக்கினாள்.

மூன்றாம் மாதம் கம்பெனியின் சூளைக்காரர் பாவாடை போன் செய்தார். "சுட்ட யானையிலேர்ந்தே அச்சு எடுக்கறாரும்மா. சொல்லட்டுமா?"

சூட்டில் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதற்காகவே மூல பொம்மையைப் பெரிதாகச் செய்வார்கள். சுட்டதிலிருந்து எடுத்தால் அடுத்தது இன்னும் சிறுக்கும்.

"ஒங்கள கேட்டாராண்ணே?"

"எங்க கேட்டாரு!"

"அப்ப வாயத் தொறக்காதீங்க. சூளைய நல்லா எரிங்க."

பின்னாளில் இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. கேட்ட எனக்கும் வரவில்லை.

இரண்டாயிரம் யானைகள் புதுச்சேரி போயின. ஒன்றின் வயிற்றிலும் கடிகாரம் நுழையவில்லை. சரக்கு அதே லாரியில் திரும்பியது. வியாபாரி கடிகாரத்தோடு அன்பரசி வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வாரம் குருமூர்த்தி பழப்பையுடன் வந்தார். "அந்த மூல பொம்மையக் குடும்மா. சூப்பர்வைசர் ஆக்கிடறேன்."

"நான் இல்லாட்டியும் யானை பொறக்கும்னீங்க. பொறந்துதே சார், குட்டியா!"

உள்ளே நான்கு பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்போது ஒரு மூல யானை இருக்கிறது. அன்பரசி பழப்பையை வாங்கி, வாசல் படலைத் திறந்து, தெருவில் வைத்தாள்.

"பாவாடை அண்ணன் ஒண்ணாந்தேதியிலேர்ந்து இங்க சூளை எரிக்க வராரு. அவர் எடத்துக்கு இப்பவே யாரையாச்சும் பழக்குங்க சார்."