கோட்டை மாடத்தில் என் வளையலை உடைத்த கவுன்சிலர்

பிலோமினா அக்கா இல்லை.

காலையில் கவுன்சிலர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி. நேற்று மாலை வரை அதே குரூப்பில் குடிநீர் லாரிக்காகச் சண்டை போட்டவர்... தூக்கத்திலேயே மாரடைப்பாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா ராயபுரத்தில் பிறந்தவர், துறைமுகத் தொழிலாளியின் மகள். காலடிப்பேட்டைப் பக்கத்துக் கவுன்சிலர். ஆளுங்கட்சி.

நான் தண்டையார்பேட்டை, எதிர்க்கட்சி. எங்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது என்று மாநகராட்சி மாமன்றத்தில் எல்லோரும் நினைத்தார்கள். முதல் வருடம் அது உண்மையும்கூட.

அழுதுகொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அக்காவை நினைத்தாலே அந்த ஒரு வாரம் வந்து நிற்கிறது.

சட்டசபை நடக்கும் நாட்களில் அக்கா கோட்டைக்குக் கிளம்பிவிடுவார். எம்.எல்.ஏ.விடம் பாஸ் வாங்கி, பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து, என்னென்ன மசோதா வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்வோம்.

"உனக்கு எதுக்குக்கா இந்த வேலை?" என்று ஒரு முறை கேட்டேன்.

"சட்டம் அங்க போட்றாங்கோ. அது வந்து எறங்குறது நம்ம தெருவுலதான? இன்னா வருதுன்னு பாத்துகினு இருக்க வேணாமா?"

அப்படி ஒரு நாள் மதியம் கோட்டை வாசலிலிருந்து போன். மூச்சு வாங்குகிறது.

"நஸ்ரீனு, ஒரு மசோதா வெச்சிட்டாங்கோ. கண்டெய்னர் யார்டு தொறக்கணும்னா இனிமே வார்டு குழுவாண்ட கேக்கத் தேவயில்லயாம். மேலயே லைசென்ஸ் குடுத்துடுவாங்களாம். சபை முடியற அன்னிக்கி பாஸ் ஆயிடும்."

கண்டெய்னர் பெட்டிகளை இறக்கி அடுக்கும் யார்டு எங்கே வரலாம், அதன் கேட் எந்தத் தெருவில் இருக்கலாம் என்று நாங்கள் வாய் திறக்க இருந்த ஒரே இடம் வார்டு குழு. அதுவும் போனால் பள்ளிக்கூட வாசலில் ட்ரெய்லர் லாரி வரிசை கட்டி நிற்கும். ஆம்புலன்ஸ் அதன் பின்னால் அலறிக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த நாளே மாமன்றக் கூட்டம் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் நான் தீர்மானம் கொண்டுவந்தால் ஆளுங்கட்சி தோற்கடித்துவிடும். அக்கா கொண்டுவந்தால் அவர் கட்சியே அவரை விடாது. அடுத்த முறை சீட்டு கிடையாது, அவ்வளவுதான்.

"நானே கொண்டாரேன். நீ வழிமொழி. எதிர்க்கிறோம்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. கேட்டுக்கிறோம்னு போடு," என்றார்.

"சீட்டு போயிடும்க்கா."

"சீட்டு போனா வூட்ல குந்துறேன். வாசல்ல லாரி நின்னா வூட்லயும் குந்த முடியாது."

மறுநாள் அவசரத் தீர்மானமாக அக்கா அதை வாசித்தார். வழிமொழிய நான் எழுந்தேன். இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். எங்கோ பின் வரிசையில் ஒருவர் மேஜையைத் தட்டினார். பிறகு இன்னொருவர். அப்புறம் மொத்த மன்றமும் தட்டியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அக்காவின் எம்.எல்.ஏ. எங்களை அமைச்சரிடம் அழைத்துப்போனார். தாழ்வாரத்தில் நின்றபடியே சந்திப்பு. அக்கா தயங்கவே இல்லை.

"லைசென்ஸ நீங்களே குடுங்கய்யா. குடுக்குறதுக்கு மின்னாடி எங்களாண்ட ஒரு வார்த்த கேளுங்கோ. எந்தத் தெருவுல லாரி திரும்பும், எதுல மாட்டிக்கும்னு அங்க கீறவங்களுக்குத்தான் தெரியும்."

தீர்மானத்தை வாங்கிக்கொண்ட அமைச்சர், "பார்க்கலாம்மா" என்றார்.

அந்த 'பார்க்கலாம்' என்றால் என்ன என்று பஸ்ஸில் திருவொற்றியூர் வரை பேசிக்கொண்டே போனோம். நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டியதே தெரியவில்லை.

கடைசி நாள். மாடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நானும் அக்காவும். மசோதாக்கள் ஒவ்வொன்றாக நிறைவேறிக்கொண்டே இருக்கின்றன. எங்களுடையது வந்தது. அமைச்சர் எழுந்தார்...

அரசுத் திருத்தம் ஒன்றை முன்மொழிவதாகச் சொன்னார். உரிமம் வழங்கும் முன் வார்டு குழுவின் கருத்தைக் கேட்க வேண்டும்.

மாடத்தில் கை தட்டக்கூடாது, பேசக்கூடாது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திய அழுத்தலில் கண்ணாடி வளையல் இரண்டு நொறுங்கின. ரத்தமே வந்துவிட்டது. எனக்கு வலிக்கவே இல்லை.

காவலர் வந்து, "அம்மா, சத்தம் வரக் கூடாது" என்றார்.

"வளையல்தாம்பா சத்தம் போட்டுச்சு. நாங்க இன்னா பேசினோம்?" அக்காவின் முகத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை.

வெளியே வந்ததும் பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் பர்மா நூடுல்ஸ் அத்தோ வாங்கிக் கொடுத்தார். நூடுல்ஸ் வாயில் இருக்கும்போதே எல்லோருக்கும் போன். "பாஸு... நம்ம திருத்தம் பாஸு!" வண்டிக்காரர், "இன்னாக்கா, பரிச்சையா எழுதின?" என்றார்.

பின்னால் காலடிப்பேட்டையில் ஒரு பள்ளியை ஒட்டி யார்டு கேட்டு விண்ணப்பம் வந்தது. வார்டு குழு விடவில்லை. கேட்டை நெடுஞ்சாலைப் பக்கம் மாற்றிய பிறகுதான் லைசென்ஸ். அன்று அக்கா அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இன்று மறுபடி கேட்டேன்... "கேட்ட மாத்திட்டாங்கோடி. தெருவ வந்து பாரேன், புள்ளைங்க சைக்கிள் வுட்டுகினு கீதுங்கோ."

மதியம் வீட்டுக்குப் போனேன். அக்கா மேல் அவர் கட்சிக் கொடி. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்கள் கட்சி ஆட்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

நாளை காலை சர்ச்சில் பூசை முடிந்து கல்லறைக்கு. அக்காவின் கணவர் என் கையைப் பிடித்து, "பொம்பள, ஆம்பள பாக்காத. நீயும் பொட்டியத் தூக்கணும்மா" என்றார்.

வருகிறேன், அக்கா.