பூந்தொட்டிக்குள் ஓர் எலுமிச்சம்பழம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், சாதிச் சான்று, பட்டா மாறுதல், வேலைக்கு மனு என்று ஊரில் பாதிப் பேருடைய சங்கதி என் மெஷின் வழியாகத்தான் போகிறது. வருகிற தாளை நான் படிப்பதில்லை. படித்தால் கடை நடத்த முடியாது. ஒரே ஒரு தடவை படித்தேன், அதில் வந்த வம்பைத்தான் எழுதுகிறேன்.

ஒரு கல்லூரிப் பெண் வாட்ஸ்அப்பில் பைல் அனுப்பி, பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வையுங்கள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. வீட்டில் மாட்டிக்கொண்டாளோ என்னவோ. அட்டையில் ஐந்து முனை நட்சத்திரம், அதைச் சுற்றி ஒரு வட்டம். சூனியக் கலைக்கும் விக்காவுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கான அறிமுகம் என்று ஆங்கிலத்தில் தலைப்பு. கரண்ட் போன ஒரு மத்தியானம், அதே புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தவள் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். தபால் வழியில் பி.ஏ. முடித்தவளுக்கு அந்த ஆங்கிலம் போதுமாக இருந்தது.

ரத்தம், மண்டையோடு என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. விக்கா என்பது ஒரு மதமாம். இங்கிலாந்தில் போன நூற்றாண்டில் உருவானது. ஒரு தேவி, கொம்பு வைத்த ஒரு தேவன். பௌர்ணமிக்கு விசேஷம், அதுபோக வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை. நான்கு திசைக்கும் ஒவ்வொரு பூதம்: காற்று, நெருப்பு, நீர், மண். தரையில் வட்டம் போட்டு, உப்பும் தண்ணீரும் மெழுகுவத்தியும் வைத்து, நடுவில் நின்று வேண்டிக்கொள்ள வேண்டும். ஒரு கத்தியும் உண்டு, ஆனால் அது எதையும் அறுப்பதற்கு இல்லை. வளர வேண்டியதை வளர்பிறையில் செய், ஒழிய வேண்டியதைத் தேய்பிறையில் செய் என்று போட்டிருந்தது. இதைச் சொல்ல ஒரு வெள்ளைக்காரி எதற்கு, எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவரே சொல்வாரே என்று சிரித்தேன்.

ஆனால் இரண்டு விதிகளில் சிரிப்பு நின்றது. யாருக்கும் கெடுதல் செய்யாதவரை உன் விருப்பப்படி செய் என்பது ஒன்று. நீ அனுப்புவது நல்லதோ கெட்டதோ மூன்று மடங்காக உன்னிடமே திரும்பும் என்பது மற்றொன்று. எல்லா விக்காக்காரர்களும் இரண்டாவதை ஒத்துக்கொள்வதில்லை என்று அந்தப் புத்தகமே சொன்னது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. குறி சொல்கிறவரிடம் போய்விட்டு வந்து பயந்துகொண்டு நிற்கிறவர்களை நான் கடையில் வைத்தே கிண்டல் பண்ணுவேன். அப்படிப்பட்ட நான் அந்த ஸ்பைரல் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

நான் இருப்பது ஒரு வளவில். ஒரே முற்றம், ஒரே குழாய், எதிரும் புதிருமாக ஆறு வீடு. எனக்கு நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. அடுத்த வீட்டுக்காரியை மைனி என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை, இருபது வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த பழக்கம். அவளுடைய ஒரே மகளை வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது ஐந்து மாதம் தாண்டியதும், பயணம், அலைச்சல், மனக்கவலை எதுவுமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அம்மா வீட்டிலேயே படுத்திருந்தாள். மாமியார் வீட்டில் நடக்க வேண்டிய வளைகாப்பையும் வளவிலேயே வைப்பதாகப் பேச்சு.

வளைகாப்புக்கு யார் யார் வளையல் போடுவது என்று மைனி முற்றத்தில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் பேர் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். தாலி கட்டிப் பிள்ளை பெற்றவர்கள்தான் போட வேண்டும், அதுதான் முறை. மைனி கெட்டவள் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அ, ஆ எழுதிக் கொடுத்தது நான், கல்லூரி விண்ணப்பம் போட்டது நான், கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்த்ததும் நான். எரிச்சலாக இருந்தது. பாத்திரத்தை ஓங்கிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரு நன்மைக் காப்பு இருந்தது. பச்சை மாறாத ஓர் எலுமிச்சம்பழத்தில் பல நிறக் குண்டூசிகளைக் குத்தி, நமக்கு வேண்டியவர்களின் வாசலுக்குப் பக்கத்தில் வைப்பது. கறுப்பு ஊசி மட்டும் கூடாது, அது கெடுதலுக்கு. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிப் பழம் கடைவீதியில் கிடைத்தது. கலர்த் தலைக் குண்டூசி என் கடையிலேயே டப்பா டப்பாவாக இருக்கிறது. கறுப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளினேன். வளர்பிறை வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் கோவிலுக்குப் போய், மைனி மகள் மட்டும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது, மைனி வீட்டுப் படியோரம் இருந்த செம்பருத்தித் தொட்டிக்குள் அதைப் புதைத்தேன். மூன்றாவதாவது நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஊசி குத்திய எலுமிச்சம்பழம் வாசலில் கிடந்தால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு வாரமாக அந்தப் புத்தகத்திலேயே கிடந்ததில், எனக்கு அது அவர்கள் ஊர்ப் பழமாகத் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பழமாகத் தெரியவில்லை. மண்ணுக்குள்தானே இருக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் ஒரு தைரியம்.

வளைகாப்புக்கு மூன்று நாள் முன்னால் வாசலைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று மைனி தொட்டியைக் கொத்திவிட்டாள். தினமும் ஊற்றிய தண்ணீரில் பழம் கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. ஊசித் தலைகளின் நிறம் மண் அப்பி மறைந்து, கம்பியெல்லாம் துரு. மைனி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கையால் தொடவில்லை. முறத்தில் தள்ளி எடுத்துக்கொண்டுபோய் முச்சந்தியில் போட்டார்கள். மகளை ஆட்டோவில் கோவிலுக்கு அழைத்துப்போய் ஏவல், செய்வினை போகும் என்று அம்மன் சன்னதிக்கு முன்னாலிருக்கும் சக்கரத்தில் உட்காரவைத்து, புற்று மண்ணை வயிற்றில் பூசிக் கூட்டிவந்தார்கள். நான் கடையிலிருந்து வருவதற்குள் அந்தப் பிள்ளை அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. டாக்டர் எதைக் கூடாது என்று சொன்னாரோ அதையெல்லாம் ஒரே நாளில் செய்யவைத்திருந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இதை ஒளிக்காமல் எழுதத்தான் வேண்டும். மைனியின் சந்தேகம் கடைசி வீட்டுக்காரி மேல் போனது. அவள் பூச்சந்தையில் உதிரிப்பூ வாங்கிக் கட்டி விற்கிறவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். தினமும் விடிகாலையில் மைனி படியில் ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டுப் போவாள். அந்தப் படியில் யார் கை நடமாடியது என்றால் அவள் கைதான். அவளைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரர் வரைக்கும் பேச்சு போனது. அதற்கு முன்னால், வளவிலுள்ள ஒவ்வொரு பெண்ணும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று மைனி சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் முற்றத்தில் ஒரு தட்டில் சூடம் ஏற்றினார்கள். இந்த வாசலுக்கு நான் கெடுதல் வைக்கவில்லை என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பூக்காரிதான் முதலில் வந்தாள். சொன்னாள், அணைத்தாள். மைனி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அணைத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் தள்ளிப் போய்த் தனியாக நின்றாள்.

சூடத்தை மறுபடி ஏற்றி என் முன்னால் நீட்டினார்கள். நான் கெடுதல் வைக்கவில்லைதானே? மனசாரச் சத்தியம் செய்யலாம், பொய்யே இல்லை. அந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். கையை மேலே கொண்டுபோனேன், சூடு பட்டது. பூக்காரி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அணைத்துவிட்டால் பழி அவளிடமே நின்றுவிடும். கையை இழுத்துக்கொண்டேன்.

"நாந்தான் வச்சேன், மைனி" என்றேன்.

உள்ளே ஓடிப்போய் ஸ்பைரல் புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இது நல்லதுக்கு வைப்பது, கறுப்பு ஊசி ஒன்றுகூட இல்லை என்று மூச்சுவாங்கச் சொன்னேன். வாடிக்கையாளருக்குப் படிவம் விளக்குகிற மாதிரி விளக்கினேன். மைனி புத்தகத்தை வாங்கவில்லை. அட்டையிலிருந்த நட்சத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லதுக்குன்னா எதுக்குட்டி ஒளிச்சு வச்ச?"

என் வாயிலிருந்து வந்தது நான் நினைத்து வைத்திருந்த பதில் இல்லை.

"சொல்லியிருந்தா விட்டிருப்பியளா? வளையல் போடவே என்னையக் கூப்புடலையே மைனி."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குள் போனார்கள். இருபது வருஷத்தில் அந்த முற்றத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான்.

அன்றே மைனி கடைசி வீட்டுக்குப் போய், விசேஷத்துக்கு முழுப் பூவும் நீதான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளால் கேட்க முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். பூக்காரியும் அதை வாங்கிக்கொண்டாள். வளைகாப்பு நடந்தது. என்னைக் கூப்பிடவில்லை, நான் கடை திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். அதன்பின் மைனி என்னோடு பேசவில்லை. நான் குழாயடிக்கு வந்தால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். புத்தகம் மேஜை டிராயரில் கிடந்தது. மூன்று மடங்கு என்று போட்டிருந்ததை அந்த இரண்டு மாதமும் அடிக்கடி நினைத்தேன். ஏதாவது ஆகிவிட்டால் என் ஆயுசுக்கும் அது நான் செய்ததாகத்தான் இருக்கும். வேண்டாத சாமி இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நலம் என்று பூக்காரிதான் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வளவே போய்ப் பார்த்தது. நான் போகவில்லை. சாயங்காலம் மைனி மகளே என் வாசல் வரை வந்து, "அத்தை, எல்லாரும் பாத்தாச்சு, நீங்கதான் பாக்கி" என்றாள். போனேன். நான் படியேறுவதை மைனி உள்ளேயிருந்து பார்த்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அவசரமாக மை டப்பாவைத் திறந்தாள். கன்னத்தில் ஏற்கெனவே ஒரு திருஷ்டிப் பொட்டு இருந்தது. அதன் மேலேயே இன்னொன்றை, எட்டணா அகலத்துக்கு, அழுத்தி வைத்தாள். என் கண்ணுக்காக வைத்தது அது. எனக்கு வலித்தது, திரும்பிப் போய்விடலாம் என்றுகூட இருந்தது.

மை டப்பாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, மைனி எழுந்து வந்தாள்.

"புடி" என்று பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "தலையத் தாங்கிப் புடி."

தாங்கிப் பிடித்தேன். பிள்ளை முகத்தைத் திருப்பி என் மேல் சாய்ந்தது. காயாத மை என் ரவிக்கையில் ஒட்டிக்கொண்டது.