மட்டையைப் போட்டுவிட்டு ஓடு

போன கிழமை மழைக்காக லண்டன் இல்ஃபோர்ட்டில் ஒரு பழைய சாமான் கடைக்குள் ஒதுங்கினேன். கூடை ஒன்றுக்குள் சின்னப்பிள்ளையின் பேஸ்போல் கையுறை கிடந்தது. எடுத்து மணந்து பார்த்தேன். தோல், வியர்வை, பழைய புல். கடைக்காரி ஒரு மாதிரிப் பார்த்தாள். கிழவன் ஒருவன் கையுறைக்குள் மூக்கை விட்டால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

நான் பேஸ்போல் பழக்கியவன் என்றால் நம்பமாட்டீர்கள். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் பிரம்பால் என் விரலை முறித்தார். அதோடு படிப்பு முடிந்தது. பிறகு கால் போன பக்கமெல்லாம் போனேன். ஜெர்மனியில் ஓர் அமெரிக்கப் படைமுகாமில் கோப்பை கழுவியபோது, சிப்பாய்களின் பிள்ளைகள் விளையாடுவதைக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவுதான் என் தகுதி. எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்திருந்தேன். அங்கே நோர்பரியில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு பெட்டி நிறைய மட்டையும் கையுறையும் கொடுத்தார்கள். இது என்ன விளையாட்டு என்று தெரிந்தவர் உண்டா என ரீச்சர் கேட்டார். நான் கையை உயர்த்திவிட்டேன்.

பதினொரு பிள்ளைகள். ஆறு வயது, ஏழு வயது. அந்த வயதுக்குப் பந்தை எறிவதில்லை. இடுப்பளவு ரப்பர் கம்பத்தின் மேல் வைத்து அடிக்கச் சொல்வோம். பாதிப் பேர் கம்பத்தைத்தான் அடித்தார்கள். பெரிய கரைச்சல் அப்பாமாரால் வந்தது. எல்லாரும் கிரிக்கெட்காரர். மட்டையைக் கையில் பிடித்தபடி ஓட வேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பேஸ்போலில் அடித்த கையோடு மட்டையைப் போட்டுவிட வேண்டும். இரண்டாம் கிழமையே மட்டையோடு ஓடிவந்த ஒருத்தி, எதிரே நின்ற பொடியனின் முன்பற்கள் இரண்டைத் தட்டிவிட்டாள். சட்டையெல்லாம் இரத்தம். அவனுடைய தகப்பன் புல்லுக்குள் பல்லைத் தேடி எடுத்தார்.

"பால்பல்லுத்தானே அண்ணை. பிடுங்கிற வேலை எனக்கு மிச்சம்."

அன்றிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன்: "மட்டையைப் போட்டிட்டு ஓடு."

மைதானம் கவுன்சிலுக்குச் சொந்தம். சண்டை என்று ஒரு முறைப்பாடு வந்தாலும் அனுமதி போய்விடும் என்று அங்கிருந்த பெண் சொல்லித்தான் தந்தாள். வேறு இடம் கிடையாது. பிள்ளைகள் எல்லாம் இரண்டு அறை வீடுகளில் இருந்தார்கள். ஓடினால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் அந்தப் புல்லில் மட்டும்தான் ஓடலாம்.

மொட்டை வழித்த வெள்ளைக்காரப் பொடியள் மூன்று பேர் வரத் தொடங்கினார்கள். முதலில் வசவு, பிறகு துப்பல், பிறகு போத்தல். நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் முதுகில் உதைத்தான். எழும்பி மிச்சத்தையும் பொறுக்கினேன். வவுனியாவில் ஆமிச் சப்பாத்து வாங்கிய முதுகுக்கு அது பெரிய விஷயமில்லை. பொலிசுக்குச் சொல்வோம் என்றார் செல்வியின் தாய். செல்விதான் பல்லைத் தட்டியவள்.

"சொன்னா கிறவுண்ட் போயிடும், தங்கச்சி. பொறுப்பம்."

ஏழு கிழமை பொறுத்தேன். எட்டாவது சனிக்கிழமை, அந்த மூவரில் நெடியவன் வந்து கம்பத்திலிருந்த பந்தை எடுத்தான். மட்டையோடு நின்ற செல்வி, அது எங்கள் பந்து என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை நீட்டினாள். அவன் அவளைக் கன்னத்தில் அறைந்தான்.

அவளுடைய மட்டை என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. அவன் முழங்கால் முறிந்த சத்தம் நினைவிருக்கிறது. இரண்டாமவனுக்கு வாயில் அடித்தேன். மூன்றாமவன் ஓடினான். மட்டையோடு துரத்தினேன். வேலியடியில் வழுக்கி விழுந்தான். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தாயைக் கூப்பிட்டு அழுதான். பதினைந்து வயதுதான் இருக்கும். அந்தக் கைகளின் மேல் அடித்தேன். திரும்பவும் ஓங்கினேன்.

பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது.

"மாமா, மட்டையைப் போட்டிட்டு ஓடுங்கோ."

தடுக்கத்தான் சொன்னாளா, பிழையாக விளையாடுகிறேன் என்று திருத்தினாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மட்டையைப் போட்டேன். ஓடவில்லை. பொலிஸ் வரும்வரை புல்லில் இருந்தேன்.

பத்து மாதம் உள்ளே இருந்தேன். சாப்பாடு பரவாயில்லை. நெடியவன் இனி நொண்டித்தான் நடப்பான் என்று வழக்கறிஞர் சொன்னார். மைதானம் எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது; பிறகு அதன் பாதியில் கட்டிடம் எழும்பியது.

வெளியே வந்ததும் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் உள்ளே கதிரைகளில் இருந்து கரம்போர்ட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்ல மறந்துவிட்டேன்: அந்தப் பதினொரு பேரில் ஒருவருக்கும் சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாது. அவிழ்ந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு வந்து, பேசாமல் காலை என் முன்னால் நீட்டுவார்கள். ஊரில் பெரியவர் முன் அப்படிக் காலை நீட்டினால் அடிதான் விழும். எனக்கு அது பிடித்திருந்தது.

செல்வியின் கயிறு அவிழ்ந்து கிடந்தது. நான் குந்தினேன். அவள் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

"நான் கட்டுவன்," என்றாள்.

குனிந்து இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு என்று கோணல்மாணலாகப் போட்டாள். கட்டி முடியும்வரை என்னைப் பார்க்கவில்லை. அதன் பிறகு எந்தப் பிள்ளையும் என் முன்னால் காலை நீட்டியதில்லை.