பின்வளவில் இன்னொரு வீடு

சாய்ந்தமருதில் அந்த வளவுக்கு நான் முதலில் போனது அளவெடுக்க. கல்முனையில் எங்கள் மெதடிஸ்த சபைக்கு வெளிநாட்டுச் சபை ஒன்றோடு பழைய தொடர்பு. கணவனை இழந்த பெண்களுக்கும் தகப்பனில்லாத பிள்ளைகளுக்கும் சில வீடுகள் கட்டித் தர அவர்கள் விரும்பினார்கள். காசு முதலில் வரும், கூரை ஏறிய பிறகு அவர்களே ஒரு குழுவாக வந்து பூச்சும் பெயின்ரும் முடித்துக் கொடுப்பார்கள். நான் கட்டடத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்து ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். படம் கீறுவது, மேசனோடு கதைப்பது, வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பது எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன.

அதில் ஒரு வீடாவது முஸ்லிம் குடும்பம் ஒன்றுக்கு இருக்கவேண்டும் என்று எங்கள் போதகர் கேட்டிருந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தினர்தான் இந்தக் குடும்பத்தைக் காட்டினார்கள். வளவுக்குள் பிரசங்கம் மட்டும் வேண்டாம் என்றார்கள். போதகர் சிரித்துவிட்டு, அங்கே மேசன்தான் பிரசங்கம் பண்ணுவார், நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்போம் என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது.

அந்தக் குடும்பத்துத் தாயை நான் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டேன். அவருடைய கணவர் ஒலுவில் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிறவர், வள்ளம் கவிழ்ந்து மவுத்தானவர். அதற்கு முந்தைய வருடம்தான், ராத்தாவுக்குச் சீதனமாக வந்திருந்த வீட்டைக் கடல் அரித்துக்கொண்டு போயிருந்தது. கணவர் கடைசியாக வாங்கிய உள்பக்கத்து வளவில், தகரமும் கிடுகும் வைத்து மறைத்த ஒரு கொட்டிலில் பிள்ளைகளோடு இருந்தார். மூத்தது பெண், பத்தொன்பது வயது. கீழே இரண்டு பொடியன்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள்.

அளவெடுத்த அன்றைக்கே ராத்தா விசயத்தைச் சொல்லிவிட்டார். மகளுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசியிருக்கிறது. நல்ல பொடியன், சந்தையில் மரக்கறிக் கடை. அவனுடைய உம்மா கேட்டது ஒன்றே ஒன்று, வீடு. மகளின் வாப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்த வாக்கு அது. ஆகவே இந்த வீடு முடிந்ததும் மகளின் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதி, ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நிக்காஹ்.

"அப்ப நீங்க எங்க இருக்கிற ராத்தா?" என்று கேட்டேன்.

"பின்னுக்குக் குசினி ஒண்டு கீறுவீங்கதானே. அது போதும் எனக்கு. மருமகனுக்குச் சோறாக்கிக் குடுக்கிற ஆள் குசினியிலதானே கிடக்கும்."

எனக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. எங்கள் கரையில் தமிழ் வீடு, முஸ்லிம் வீடு எல்லாவற்றிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். என் அப்பா ஒரு றங்குப் பெட்டியோடு அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். என் அண்ணன் இப்போது மட்டக்களப்பில் அண்ணியின் வீட்டில் இருக்கிறான். நான் இருக்கும் வீடு ஒருநாள் என் பெயருக்கு வரும், அம்மா அதற்குள்ளேயே ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்வார். சீதனம் எத்தனை தாய் தகப்பனை முறித்துப் போடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஏற்பாட்டில் பெண் ஒருநாளும் வாசலுக்கு வெளியே நிற்பதில்லை. அதனால் குசினியைக் கொஞ்சம் அகலமாகக் கீறினேன், ஒரு கட்டில் போடக்கூடிய அளவுக்கு. மேசன் படத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன, கலியாண வீட்டுக் குசினியா என்று கேட்டார். ஓம், அதுதான் என்றேன்.

குழு வந்தபோது கூரைக்கு ஓடு போட்டாகிவிட்டது. தலைமை தாங்கி வந்தவர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு அம்மா. அவரும் கணவனை இழந்தவர். மற்றவர்கள் வெயிலில் வெந்து சிவந்துபோய் மணல் அரித்தார்கள், கல் சுமந்தார்கள். மேசன் அவர்களுக்குப் பூச்சு பழக்கினார். ஒருவர் பூசிய சுவர் அலையலையாக வந்தபோது, "கடலப் பாத்திட்டுப் பூசினவர் போல" என்றார் மேசன். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, ஆனாலும் அந்த மனுசனுக்கு விளங்கிவிட்டது, எல்லோரையும் விட அவர்தான் கூடுதலாகச் சிரித்தார். பொடியன்கள் இருவரும் அவர் பின்னாலேயே திரிந்தார்கள். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று தேத்தண்ணி நீட்டுவார், மகள் அதை வாங்கி வந்து கொடுப்பாள். அந்த நாட்களில் அந்த வளவில் ஒரு குறையும் இருக்கவில்லை.

உறுதி எழுதுகிற பேச்சு வந்தபோதுதான் நிபந்தனை தெரியவந்தது. வீடு விதவையின் பெயரில்தான் இருக்கவேண்டும். பத்து வருடத்துக்கு விற்கவோ, ஈடு வைக்கவோ, வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவோ கூடாது. அவர்கள் கட்டிக்கொடுக்கிற எல்லா வீட்டுக்கும், எந்த நாட்டிலும், இதே நிபந்தனைதான்.

அன்று பின்னேரம் சீமெந்துப் பைகளின் மேல் அந்த அம்மாவோடு உட்கார்ந்து என்னால் முடிந்தவரை விளக்கினேன். இங்கே வீடு அண்ணன் தம்பிக்கோ கணவனின் ஆட்களுக்கோ போவதில்லை, தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும், தாயும் அங்கேதான் இருப்பார் என்றேன். அப்பாவின் றங்குப் பெட்டியைக்கூடச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். முன்பு அவர்கள் வேலை செய்த இன்னொரு நாட்டில், கணவனைப் புதைத்த ஈரம் காயுமுன் அவனுடைய சகோதரர்கள் வந்து ஒரு பெண்ணை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்களாம். அவர்கள் கட்டிக் கொடுத்த வீடு அது. அந்தப் பெண் பிள்ளைகளோடு ஒரு மெத்தையைப் போட்டுத் தெருவில் இருந்ததைத் தன் கண்ணால் கண்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் இந்த நிபந்தனையைக் கொண்டுவந்தார்களாம். அதை எழுதியதே தான்தான் என்றார்.

என்றாலும் அன்றிரவே தங்கள் சபைக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. சீதனத்துக்காக வீடு கொடுக்க முடியாது, அதை எதிர்த்துத்தான் நாங்கள் வேலை செய்கிறோம் என்று அதில் இருந்தது. அவர்களுடைய இடத்திலிருந்து பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

உறுதி எழுத நொத்தாரிசு வந்த நாளில் நிபந்தனையை ராத்தாவுக்கு வாசித்துச் சொன்னது நான்தான். அவர் ஒரு தடவை மகளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். குழுவினர் கைதட்டினார்கள், ஒரு பெண் அழுதார். ராத்தா வட்டிலப்பம் செய்து வைத்திருந்தார், எல்லோருக்கும் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். நான் தட்டுகளை எடுக்கக் குசினிக்குள் போனபோது பின்னாலேயே வந்தார். என்னையும் அவர் மகள் என்றுதான் கூப்பிடுவார்.

"என்ட பேர்ல வீடு என்னத்துக்கு மகள்? நானா மாப்பிள்ளை எடுக்கப் போறன்?"

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, வேண்டாம் என்று சொல்லவும் ஏலாது, கூரை போட்ட வீட்டை எப்படி வேண்டாம் என்கிறது, பொடியன்கள் மழையில் நனையாமல் படுப்பார்களே என்றார். தட்டுகளைத் துடைத்து ஒவ்வொன்றாக என் கையில் தந்தார்.

மாப்பிள்ளையின் உம்மா வந்துபோனதை மகள்தான் எனக்குச் சொன்னாள். சண்டை இல்லை, கோபமும் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்து, நல்லா இரிக்கி என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அவசரமில்லை, உறுதி மாறினதும் சொல்லுங்க என்றிருக்கிறார். பத்து வருடக் கணக்கை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் எங்கோ கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார் என்று மகள் நினைத்தாள்.

நோன்பு வருவதற்கு முன் ராத்தா குவைத்துக்குப் போனார், வீட்டு வேலைக்கு. நிபந்தனை கட்டின வீட்டுக்கு மட்டும்தான், பின்வளவில் மகளின் பெயருக்கு ஒரு துண்டைப் பிரித்து எழுதலாம் என்று நொத்தாரிசு சொல்லியிருந்தார். அந்தத் துண்டில் ஒரு வீடு. அவ்வளவுதான் திட்டம். போவதற்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டுப் படம் கேட்டார். இருக்கிற வீட்டின் படத்தையே திருப்பிப் போட்டால் என்ன, செலவு தெரிந்த படம்தானே என்றேன். இல்லை, குசினியைச் சின்னதாக்குங்கள் என்றார். "எனக்குத்தான் இப்ப வீடு இரிக்கே."

கல்முனையில் அவரை பஸ் ஏற்ற நானும் போனேன். மகளிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணித் தாங்கிக்கு மூடி போடு, சின்னவனை ஓதப் பள்ளிக்கு நேரத்துக்கு அனுப்பு, ராவையில பக்கத்து வளவு மாமியைக் கூட்டி வந்து படுக்க வை, ஆரும் என்னவும் கேட்டால் உம்மா வரட்டும் என்று சொல்லு. சின்னவன் அவருடைய அபாயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் எடுத்தபோது அதை விடுவித்துவிட்டது அவனுடைய அக்காதான்.

அந்த வருடக் கடைசியில், நத்தார்ப் பண்டிகைக்குத் தங்கள் சபையில் காட்டுவதற்காக, குடும்பம் புது வீட்டில் இருக்கிற படம் ஒன்றை அந்த அம்மா கேட்டிருந்தார். வாசலில் மூன்று பிள்ளைகளையும் நிற்பாட்டி எடுத்து அனுப்பினேன். தாய் எங்கே என்று கேட்டார். எழுதினேன். நாலைந்து நாள் கழித்து அழைத்தார். யாரும் அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பக்கூடாது என்றுதானே அதை எழுதினேன் என்றார். நிபந்தனையை எடுக்கச் சொல்லித் திரும்பவும் கேட்பேன் என்றார். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே கூட்டம் வருடத்துக்கு ஒரு முறை.

ராத்தா அனுப்பிய காசில் அத்திவாரம் போட்டோம். மேசன் கூலியைக் குறைத்தார். சுவர் மெதுவாக எழும்பியது, காசு வருகிற மாதம் ஏறும், வராத மாதம் நிற்கும். ஒவ்வொரு வரிசை கல்லும் முடிய நான் படம் எடுத்து குவைத்துக்கு அனுப்புவேன். அவருக்குப் படம் பார்க்க நேரம் கிடைப்பது வெள்ளிக்கிழமையில்தான். அன்றைக்குக் குரலில் பதில் வரும். அந்த மூலை கோணலா இரிக்கி போல, மேசனுக்குக் கண் தெரியாதா என்று ஒரு முறை கேட்டார். அதை நான் மேசனுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் நூல் பிடித்துப் பார்த்து, குவைத்தில இருந்து பார்த்தா எல்லாம் கோணலாத்தான் தெரியும் என்றார்.

யன்னல் மட்டத்துக்குச் சுவர் வந்த மாதத்தில் நிந்தவூர்ப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளைக்கு வயது போகிறது, தங்கச்சிமாரும் இருக்கிறார்கள், வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டோம், மனதில் வைக்கவேண்டாம் என்றார்கள். அந்தப் பொடியன் வரவில்லை. சுவரைப் பார்த்தார்களா என்று மகளிடம் கேட்டேன். பார்த்தார்கள், நல்ல கல் என்றார்கள் என்றாள்.

உம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று அவள் என்னிடமும் மாமியிடமும் கேட்டுக்கொண்டாள். குவைத் ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. அங்கே ஒரு வீட்டுக்குள் தனியாக இருக்கிற ஆளுக்கு இதை எப்படிச் சொல்வது. வேலையை நிற்பாட்டவா என்று மேசன் கேட்டபோது அவள்தான் வேண்டாம் என்றாள். ஆகவே நான் வழமைபோல் யன்னல் வரவேண்டிய இடத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். யன்னல் எவ்வளவு அகலம் வைக்கிறது, அடுத்த வரிசை கல் வைக்குமுன் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தேன். அப்படிக் கேட்காமல் விட்டிருந்தால்தான் அவர் சந்தேகப்பட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தபோது நான் பின்வளவில் நின்றேன். மகளும் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன். பின்னால் ஏதோ ஒரு இயந்திரத்தின் இரைச்சல், துணி துவைக்கிறதாக இருக்கவேண்டும். ராத்தா மெதுவாகக் கதைத்தார். மூத்த பொடியனின் இருமல் எப்படி என்று கேட்டார். சீமெந்து விலை கேட்டார். பிறகு யன்னலுக்கு வந்தார்.

"யன்னலப் பெரிசா வைங்க மகள். எந்த மாப்பிள்ளை வந்தாலும் காத்து வேணும்தானே. அவளுக்கிட்டச் சொல்லுங்க, உம்மாக்குத் தெரியுமாம், அழ வேணாமாம் எண்டு."

அதோடு முடிந்தது. மகள் போனை என் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் ஒரு முறை போட்டுக் கேட்டாள். பிறகு அதைத் திருப்பித் தந்துவிட்டு, சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, பெரிசு என்றால் எதுவரைக்கும் என்று கேட்டாள். நான் அளவுநாடாவின் ஒரு முனையை அவளிடம் கொடுத்தேன்.