காப்புக் கட்டிய வீட்டில் மீன் வயிறு

மகளுக்குக் கெம்பஸில் படிக்க இடம் கிடைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். கிடைத்தது. என்ன பாடம் என்று நான் கேட்கவில்லை, அம்மனும் சொல்லவில்லை. வருஷா வருஷம் எடுத்துவந்தேன். அவளுடைய கடைசி வருஷத்தில், எனக்குக் காப்புக் கட்டிய மறுநாள், கெம்பஸில் ஸ்ட்ரைக் என்று லிந்துலையில் பஸ் இறங்கி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தாள். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கூடாது. அவள் பை முழுக்கப் போத்தல்கள்.

“என்னாடி இது?”

“மீன் வயிறும்மா. புத்தளம் கடலோரக் களப்புல பிடிச்சது. ஸ்பிரிட்டுல போட்டிருக்கு.”

“மீனு எங்க?”

“அத நாங்க சமைச்சு சாப்பிட்டோம்.”

ஊர் உலகத்தில் வயிற்றை எறிந்துவிட்டு மீனை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். படித்த பிள்ளை அல்லவா, மாற்றிச் செய்திருந்தாள்.

கடலுக்கு அடியிலும் புல் வளருமாம். விளைமீன் குஞ்சும் செப்பலிக் குஞ்சும் அந்தப் புல்லுக்குள்தான் வளருமாம். இரண்டும் ஒரே கூனி இறாலைத் தின்கின்றனவா, அதற்குப் போட்டி உண்டா என்று வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டுமாம். ஸ்ட்ரைக் முடிந்ததும் இந்த ஆய்வை எழுதிக் கொடுக்காவிட்டால் பட்டம் தள்ளிப்போகும்.

“ஒரே சாமானத் தின்னா போட்டிதானே? இதுக்குப் புத்தளம் எதுக்கு? காலையில நம்ம லயத்துப் பீலியில தண்ணி பிடிக்க வந்து பாரு.”

“தண்ணி நெறைய வர்ற மாசத்துல யாராவது சண்ட பிடிக்கிறாங்களாம்மா? கொறையிறப்பதானே. மீனும் அப்பிடித்தான்.”

அது சரியாகத்தான் பட்டது. ஆனால் சேதி அதற்குள் லயம் முழுக்கப் போய்விட்டது. மாலையில் கோயில் தலைவர் வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றார். மாமிசத்தைக் கண்ணெடுத்தும் பாராதவர், திருவிழா நாட்களில்.

“காப்புக் கட்டுன வீட்டுல மீன் வாட வருதுன்னு சொல்றாங்களே, தங்கச்சி.”

“வயிறு மட்டுந்தாண்ணே. மீனு வரல.”

அவர் சிரிக்கவில்லை. “ஒன்னு அத வெளிய கொட்டுங்க. இல்லாட்டி காப்ப அவுத்துருங்க.”

மகள் போத்தல்களைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினாள். “கொட்டிர்றேம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றாள். கண் கலங்கியிருந்தது. பால்குடத்தைக் கைவிட எனக்கும் மனசு வரவில்லை. கேட்டதைக் கொடுத்த அம்மனுக்குச் செய்யும் நன்றி அது. கொடுத்ததைக் கொட்டிவிட்டா நன்றி சொல்லப் போவது?

“காப்புக் கட்டுன ஆளும் மீனும் ஒரே வீட்டுல இருக்கக்கூடாது, அவ்வளவுதானேண்ணே?”

“அவ்வளவுதான்.”

“அப்ப மீனு இருக்கட்டும்.”

பாயையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு கோயில் மடத்துக்குப் போனேன். தலைவரிடம் இதற்குச் சட்டம் இல்லை. என் வீட்டுக்காரர் சமைத்தார், மகள் மெலிந்தாள். நான் மடத்துக் குளிரில் இருமிக்கொண்டிருக்க, புத்தளத்து வயிறுகள் என் கட்டிலோரம் சுகமாக இருந்தன.

பால்குட ஊர்வலம் எங்கள் லயத்துக்கு வந்தது. வாசலுக்கு வாசல் எங்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். செம்போடு நின்ற மகள் என்னைக் கண்டதும் பின்வாங்கினாள்.

“கையில ஸ்பிரிட் வாசம்மா.”

“கழுவுனியா?”

“கழுவுனேன். இன்னும் போகல.”

“அப்ப ஊத்து.”

தலைவருக்கு மேளக்காரரிடம் அவசரமாக ஏதோ பேச வேண்டியிருந்தது. அவள் குனிந்து ஊற்றினாள். “இன்னும் கொஞ்சந்தாம்மா பாக்கணும்” என்றாள். தலையில் பால் இருந்ததால் நான் தலையாட்டவில்லை. “போய்ப் பாத்து முடி” என்று மட்டும் சொன்னேன்.